பாண்டிக்குப் போயிருக்கிறார்

முன் சுவருக்கு மஞ்சள் அடித்தது சிவப்பிரகாசத்தின் யோசனைதான். ஆனால் பழி வந்தால் அது தன் தலையில்தான் விழும் என்று கஸ்தூரிக்குத் தெரியும். இத்தனை வருஷம் அவரோடு குடித்தனம் பண்ணியவளுக்கு இதுகூடவா தெரியாது?

எல்லாம் ஒரு பயண வீடியோவால் வந்த வினை. மகன் தமிழ்க்குமரனுக்குப் பெண் தேடி அலுத்துப்போயிருந்தார்கள். பையன் தங்கமானவன். சொந்த டிராக்டர் வைத்து நெல்லும் கரும்பும் பார்க்கிறான். சொட்டுக்கூடக் குடிக்க மாட்டான். ஆனால் விவசாயம் என்று சொன்ன மறுநிமிஷம் பெண் வீட்டாருக்கு வேறு அவசர வேலை வந்துவிடும். கடைசியில் செங்கம் பக்கமிருந்து ஜெயசுதா என்கிற பெண்ணின் ஜாதகம் பொருந்தி வந்தது. எந்த ஊர் என்று சொல்லட்டும் எனத் தரகர் கேட்டபோது, பாண்டிக்குப் பக்கத்தில் இருக்கிற அபிஷேகப்பாக்கம் என்றால் செங்கத்தில் யாருக்குத் தெரியும் என்று, "பாண்டின்னே சொல்லிடுப்பா" என்றாள் கஸ்தூரி. வெளியூர்க்காரர்களிடம் இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

பெண்ணின் அப்பா ஏகாம்பரம் வீடு பார்க்க வருவதாகப் போன வாரம் தரகர் சொன்னார். பாண்டி எப்படிப்பட்ட ஊர் என்று அவர்கள் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்த வீடியோவையும் தமிழ்க்குமரனின் போனுக்கு அனுப்பிவைத்தார். மஞ்சள் சுவர்கள், அவற்றின்மேல் காகிதப்பூ, தெருக்கோடியில் கடல், சைக்கிளில் வெள்ளைக்காரர்கள். குட்டைக் கவுன் போட்ட ஒரு பெண் கேக்கைக் கடித்துக்கொண்டே, "பாண்டின்னா இதுதான்" என்றாள்.

"இதுல நம்ம எங்கடா இருக்கோம்?" என்று கேட்டாள் கஸ்தூரி.

"கேமராவுக்குப் பின்னாடிம்மா. ரொம்ப தூரம் பின்னாடி."

அவனுக்குச் சிரிப்பு. அவளுக்கோ கவலை. அந்த அழகையெல்லாம் பார்த்துவிட்டு வருகிற மனிதர் இந்தச் சேற்று வரப்பையும் எருக்குழியையும் பார்த்தால் வண்டியை அப்படியே திருப்பிவிட மாட்டாரா? இந்தச் சம்பந்தமும் போனால் பையன் கடைசிவரை தனிமரம்தான் என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. அன்று சாயங்காலமே சிவப்பிரகாசம் பெயிண்ட் டப்பாவோடு வந்து நின்றார். முன் சுவருக்கு மட்டும் அடித்தார்கள். பின்பக்கத்தை யார் பார்க்கப்போகிறார்கள்? பசுவைப் பக்கத்து வீட்டு ருக்குமணியின் கொட்டகையில் கொண்டுபோய்க் கட்டினார்கள்.

வருகிற அன்று காலையிலும் இன்னொரு கை அடித்துவிட்டு, கேக் வாங்கி வருகிறேன் என்று சிவப்பிரகாசம் பஸ் ஏறினார். அவர் திரும்புவதற்குள் ஏகாம்பரம் தம்பியோடு வந்து இறங்கிவிட்டார்.

மஞ்சள் சுவரைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். தமிழ்க்குமரன் வந்து கும்பிட்டதற்குத் தலையாட்டியதோடு சரி. சம்பந்தம் முடிவாகும் வரை மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்க மாட்டார்கள், அது வழக்கம். ஆனால் இந்த மனிதர் தண்ணீரைக்கூடத் தொடவில்லை. அங்கேயே கஸ்தூரிக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"கடலு எந்தப் பக்கம்மா?" என்று கேட்டார்.

"இதோ, இப்டியே போனா..." என்று அவள் கரும்புத் தோட்டத்தைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

அந்த நேரம் பார்த்து வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ருக்குமணி கூப்பிட்டாள். "கஸ்தூரிக்கா! அண்ணன் எங்கக்கா?"

"பாண்டிக்குப் போயிருக்காருடி. பஸ்ஸு வந்தா வந்துடுவாரு."

சொன்ன பிறகுதான் உறைத்தது. பிறந்ததிலிருந்து சொல்லிப் பழகிய வாய், இன்றைக்கு மட்டும் சும்மா இருக்குமா?

ஏகாம்பரம் நிமிர்ந்தார். "பாண்டிக்குப் போயிருக்காரா? அப்ப இது இன்னா ஊரு?"

பதில் சொல்வதற்குள், "மாடு கயித்த அறுத்துக்குனு ஓடியாருதுக்கா!" என்று ருக்குமணி கத்த, பசு வாசலுக்குள் நுழைந்தது. நுழைந்ததும் வழக்கம்போல முன் சுவரில் உரசிச் சுகமாய்ச் சொறிந்துகொண்டது. காயாத பெயிண்டில் அதன் விலாப்பக்கம் முழுக்க மஞ்சளாகிவிட்டது.

இனி மூடி மறைக்க ஒன்றும் இல்லை. கஸ்தூரி கையைக் கூப்பினாள். "இது அபிஷேகப்பாக்கங்க. நாங்களே எதுனா வாங்கணும்னா பாண்டிக்கு பஸ்ஸு புடிச்சுதான் போவோம். மாடு எங்குளுதுதான். செவுரு நீங்க வர்றீங்கன்னு அடிச்சது. எம்புள்ள மட்டும் நெசமாவே நல்லவங்க."

ஏகாம்பரம் எழுந்தார். போகத்தான் எழுகிறார் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவரோ பசுவின் கழுத்தைத் தடவிக்கொடுத்து, வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போய், எருக்குழியையும் அதற்கப்பால் நாற்றங்காலையும் பார்த்துவிட்டு வந்தார். வந்ததும் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அப்பாடா!" என்றார். "அந்த வீடியோவ பாத்ததுலேர்ந்து எம்பொண்ணு ஒரே அழுகைம்மா. அந்தத் தெருவுல நான் எங்கப்பா மாடு கட்டுவேன், கேக்கு தின்னுக்குனு எத்தினி நாளு இருப்பேன்னு கேக்குறா. வேணாம்னு சொல்லிட்டுப் போவத்தான் வந்தேன். செவுத்தப் பாத்ததுமே திரும்பிடலாம்னு பாத்தேன்."

தம்பி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கஸ்தூரிக்குச் சிரிப்பதா அழுவதா என்றே தெரியவில்லை.

"அடுப்புல இன்னா கொதிக்குது?"

"மொச்சக்கொட்டக் கொழம்புங்க. எங்களுக்குன்னு வச்சது..."

"எங்க ரெண்டு பேருக்கும் எல போடுங்க சம்பந்திம்மா."

சிவப்பிரகாசம் கேக் பெட்டியோடு வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தபோது ஏகாம்பரம் இரண்டாம் முறை குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தார்.

"வாங்க சம்பந்தி. பாண்டி எப்டி இருக்குது?"

நடந்தது எதுவும் தெரியாத மனிதர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அத ஏன் கேக்குறீங்க? மனுஷன் இருப்பானா அந்த ஊர்ல!"