டீச்சர் காதில் சொன்னது

திங்கட்கிழமை ஸ்ரீசிட்டி கம்பெனி பஸ்ஸில் பிரியங்கா வேலைக்கு ஏறியாக வேண்டும். அதற்குள் மூன்று வயது தரணிக்கு ஒரு பிளே ஸ்கூல் வேண்டும். ஆந்திர எல்லையோரச் சத்தியவேட்டில் அவள் ஏறி இறங்காத படி இல்லை. ஒன்றில் ஊஞ்சல் இருந்தது, கேட்டுக்குத் தாழ்ப்பாள் இல்லை. இன்னொன்று மத்தியானத்தோடு மூடிவிடும். மாலைவரை பார்த்துக்கொள்வது பச்சை கேட் போட்ட பள்ளி ஒன்றுதான்.

அங்கே ஒரே சிக்கல். தெலுங்கும் இங்கிலீஷும் தவிர வேறு பாஷை கேட்கக்கூடாது என்று கரஸ்பாண்டெண்ட் நாகபூஷணம் முதல் பேச்சிலேயே சொல்லிவிட்டார். வகுப்பு டீச்சர் தேவசேனா பக்கத்தில் நின்று சரளமான தெலுங்கில் ஆமாம் போட்டாள்.

தரணிக்குத் தமிழ்தான் தெரியும். போன மாதம் ஒரு கல்யாணத்தில், சுற்றிலும் தெலுங்கு பேசுகிறவர்கள். அவசரத்தைச் சொல்லத் தெரியாமல் கவுனை நனைத்துக்கொண்டவள், அன்று முழுக்க வாயே திறக்கவில்லை. இங்கே யாரிடம் சொல்வாள்?

வெள்ளிக்கிழமை ஒருநாள் மட்டும் உட்காரவைத்துப் பார்க்கலாம் என்று கெஞ்சிச் சம்மதம் வாங்கினாள். டாட்டா காட்டிவிட்டு, போகாமல், பக்கத்து ஜெராக்ஸ் கடை ஓரம் நின்றாள். ஜன்னல் வழியே வகுப்பு நன்றாகவே தெரிந்தது.

தரணி எழுந்தாள். கால்களைப் பின்னிக்கொண்டாள். வாய் திறந்தது, மூடியது.

பிரியங்கா ஓடிவந்து கேட் தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டாள். அப்போது தேவசேனா வகுப்பு வாசல் பக்கம் திருட்டுப் பார்வை ஒன்று பார்த்தாள். யாரும் இல்லை. குனிந்து பிள்ளையின் காதில் ஏதோ சொன்னாள். தரணி சிரித்தாள். டீச்சரின் விரலைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் ஓடினாள்.

அப்படி என்ன சொன்னாள்?

வீடு திரும்பும் வழியெல்லாம் கேட்டும் தரணி உதட்டைப் பிரிக்கவில்லை. கடலை மிட்டாய்க்கும் மசியவில்லை. புருஷன் ஹரிபிரசாத்துக்குச் சிரிப்பு.

"இன்னா நீ, சிஐடி கணக்கா நோண்டிகினு இருக்கே?"

"சிரிக்காத மாமா. வாசலை ஏன் பாத்தாங்க? சின்னப் புள்ளைகிட்ட இன்னா ரகசியம்?"

சோறு ஊட்டும்போதுதான் பூட்டு திறந்தது. தரணி அம்மாவின் காதை இழுத்து வைத்துக்கொண்டாள்.

"டீச்சரும் நம்ம மாரியே பேசுது. ஒண்ணுக்கு வருதா கண்ணுன்னு கேட்டுச்சி. பெரிய சார்கிட்ட சொல்லாதேன்னுச்சி."

பிரியங்கா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அடுத்த வாய் ஊட்ட மறந்துபோனது.

திங்கட்கிழமை காலை பச்சை கேட்டில் நாகபூஷணமே நின்றார். பிள்ளைக்குப் பாஷை பிடிபட்டதா என்று தெலுங்கில் விசாரித்தார். பக்கத்தில் நின்ற தேவசேனாவின் முகத்தில் ரத்தமில்லை. எல்லாம் பிடிபட்டது, டீச்சர் அவ்வளவு நன்றாகச் சொல்லித்தருகிறார் என்று பிரியங்கா தெரிந்த தெலுங்கில் அடித்துவிட்டாள்.

அவருக்குத் திருப்தியில்லை. குனிந்து தரணியையே கேட்டார்.

தரணி அவரை அண்ணாந்து பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

"குட் மார்னிங் சார்."

தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. பிரியங்கா ஓடினாள்.