கேரவன் நின்ற இடம்

கெல் முழங்காலிட்டு உட்கார்ந்து திருப்புளியை மண்ணில் குத்தினார். நகத்தளவு இறங்கி அது நின்றுவிட்டது. கைப்பிடியின் மேல் உள்ளங்கையை வைத்து உடம்பின் பாரத்தையெல்லாம் கொடுத்து அழுத்தினார். மண் அசையவில்லை. கொஞ்சம் தள்ளி இன்னொரு இடத்தில் குத்தினார். அங்கேயும் அப்படித்தான்.

நோலீன் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. வசந்தம் தொடங்கியதிலிருந்து தினமும் காலையில் இதுதான் நடக்கிறது. தெருவில் மற்ற ஆண்கள் எழுந்ததும் மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பார்கள். இவள் கணவர் திருப்புளியை எடுத்துக்கொண்டு முன்பக்கப் புல்தரைக்குப் போகிறார்.

ஹார்ஷம் ஊரில் அந்தத் தெருவில் கெல்லின் புல்தரைக்கு நல்ல பெயர் இருந்தது. நெருக்கமான அருகம்புல், சனிக்கிழமை தவறாமல் வெட்டுவார், ஓரங்களைக் கத்தரித்து நேராக்குவார். இப்போது அதன் நடுவில், சக்கரம் வைத்த ஒரு கேரவன் வீட்டின் நீளத்துக்கும் அகலத்துக்கும் சாம்பல் நிறத்தில் ஒரு செவ்வகம். சக்கரங்கள் இருந்த இடம் சிமெண்ட் பூசியதுபோல வழவழவென்று இருந்தது. மழை பெய்தால் தண்ணீர் அங்கே மாலை வரைக்கும் தேங்கி நிற்கும். உள்ளே போக வழி கிடையாது. பிறகு வெயிலில் காய்ந்து வெடிக்கும்.

அந்தக் கேரவன் அவர்கள் மகன் டேமியனுடையது. ஒரே மகன், நாற்பது வயது, கூரைக்கு ஓடு வேய்கிறவன். அவன் மனைவி பிரிந்து, இரண்டு பெண் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு பெர்த்தில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அவன் ஒரு குளிர்காலத்தில் வண்டிக்குப் பின்னால் கேரவனைக் கட்டி இழுத்துக்கொண்டு இங்கே வந்தான். பின்னோக்கி ஓட்டிப் புல்லின் மேல் ஏற்றி நிறுத்தி, "ரெண்டு வாரம்தாம்மா" என்றான். அடுத்த குளிர்காலமும் வந்து போனது.

வீட்டுக்குள் அவன் அறையில் படுக்கை விரித்துத் தயாராகவே இருந்தது. குளிக்க மட்டும் வீட்டுக்குள் வருவான். நோலீன் சாப்பாட்டுத் தட்டைக் கேரவனின் படியில் வைப்பாள். சில நாள் தட்டு காலியாக இருக்கும், சில நாள் எறும்பு மொய்த்திருக்கும். திரை விலகிய இடத்தில் அவன் பாதங்கள் தெரியும். காலையில் எப்படி இருந்தனவோ மத்தியானமும் அப்படியே இருக்கும். மருத்துவரிடம் ஒருமுறை அவளே கூட்டிக்கொண்டு போனாள். மாத்திரை கொடுத்தார்கள். இரண்டாவது முறைக்கு அவன் எழுந்திருக்கவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் அவள் சமையலறையில் சொல்லிப் பார்த்துக்கொள்வாள். கேரவனின் கதவருகே போனதும் வாயிலிருந்து வேறு ஏதாவது வரும். "குழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்தவா கண்ணா?"

கெல்லுக்குப் பொருட்களைப் பற்றித்தான் பேச வரும். மாலையில் போய் நின்று டயரில் காற்று குறைந்திருப்பதைச் சொல்வார், மழையைச் சொல்வார். போன பிப்ரவரியில் ஒரு நாள் டேமியன் அபூர்வமாக வெளியே படியில் வந்து உட்கார்ந்திருந்தான். கெல் கேரவனைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்து சொன்னார்.

"இது இங்கயே நின்னா புல்லு செத்துரும்டா."

டேமியன் தன் காலடியைப் பார்த்தான். "சரிப்பா" என்றான்.

மறுநாள் காலை நோலீன் தேநீர் எடுத்துக்கொண்டு போனபோது செவ்வகம் மட்டும்தான் இருந்தது.

"கொஞ்சம் தள்ளி நிறுத்துன்னுதான் சொல்ல வந்தேன்" என்று அன்று கெல் சொன்னார். அதன் பிறகும் சொல்லிக்கொண்டிருக்கிறார், அவள் கேட்காமலேயே, பாத்திரம் துடைக்கும்போது, கார் ஓட்டும்போது. அது உண்மையாகவும் இருக்கலாம். புல்லின் மேல் கேரவன் நிறுத்துகிறவர்கள் மாதத்துக்கு ஒருமுறை அதை நகர்த்துவார்கள். டேமியனுக்கும் இது தெரியும். ஆனால் அன்று அவன் காதில் எது விழுந்ததோ.

பிறகு மில்டுரா பக்கத்திலிருந்து ஒற்றை வரிக் குறுஞ்செய்திகள் வந்தன. திராட்சை பறிக்கிறேன். ஆரஞ்சு அடுக்கும் கொட்டகையில் வேலை. நல்லா இருக்கேன். அவள் பெரிதாக ஏதாவது எழுதி அனுப்பினால் பதில் வராது. அதனால் அவளும் சின்னதாகவே எழுதக் கற்றுக்கொண்டாள்.

சனிக்கிழமை கெல் கடையிலிருந்து துளை போடும் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து வந்தார். உருளையில் வரிசை வரிசையாகக் குழாய்ப் பற்கள். அது உருண்டு போகும்போது ஒவ்வொரு பல்லும் விரல் தடிமனுக்கு ஒரு மண் துண்டைப் பிடுங்கி வெளியே துப்பும். முந்தின நாளெல்லாம் குழாயைச் சொட்டுச் சொட்டாகத் திறந்துவிட்டு மண்ணை ஊற வைத்திருந்தார். அப்படியும் இயந்திரம் செவ்வகத்தின் மேல் ஏறியதும் குதித்தது. பக்கத்து வீட்டு மெர்வ் வேலியைத் தாண்டி வந்து கைப்பிடியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், சும்மா இருக்கத் தெரியாதவர்.

"ஏன்டா கெல், ஊர்ல இருக்குற நாயெல்லாம் உன் வீட்டுக்கே வந்து வெளிக்குப் போன மாதிரி இருக்கு" என்றார், மண் துண்டுகளைக் காலால் தள்ளி.

"உன் வீட்டு நாயும் வந்துச்சு. அதுதான் பெருசு."

"பேசாம இதைக் கொத்திப் போட்டுட்டு, சுருட்டி விக்கிறானே அந்தப் புல்லை வாங்கி விரிச்சு விடு. ஒரே மத்தியானத்துல பச்சையாயிடும். நான்கூட வந்து படுத்துக்குவேன்."

"புதுசு வேணாம். பக்கத்துல இருக்குறதே வரட்டும்."

"அது எப்ப வந்து சேர..."

"வரும். மண்ணு இறுகிக் கெடக்கு, அதான். வேருக்கு மூச்சு முட்டுது. மேல எவ்வளவு தண்ணி ஊத்தினாலும் உள்ள போகாது. ஓட்டை போட்டுவிட்டா காத்து போகும். காத்து போனா மத்ததெல்லாம் தானா நடக்கும்."

கெல் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நோலீன் கேட்டதில்லை. தண்ணீர் கொண்டு வந்தவள் தம்ளர்களோடு அப்படியே நின்றாள். மெர்வ் ஏதோ கிண்டல் சொல்ல வாயைத் திறந்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்ததும் தண்ணீரை வாங்கிக் குடித்தார்.

இயந்திரத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகும் கெல் விடவில்லை. பற்கள் இறங்காத சக்கரத் தடங்களில் நாலு பல் தோட்ட முள்கரண்டியை வைத்துக் காலால் மிதித்து மிதித்துத் துளைத்தார். துளைகளில் மணலைப் போட்டுத் துடைப்பத்தால் பெருக்கினார். களிமண் இளகுவதற்கு வெள்ளைப் பொடியைத் தூவினார். மண் துண்டுகளை மேக்பைப் பறவைகள் வந்து கொத்திப் புரட்டின. இரண்டு நாள் மழை பெய்தது. இரண்டாம் நாள் மாலை தண்ணீர் தேங்கவில்லை. கெல் குடை பிடித்துக்கொண்டு போய்க் குனிந்து பார்த்துவிட்டு வந்து, "போகுது நோல், உள்ள போகுது" என்றார்.

அவள் தலையாட்டினாள். இந்தச் செவ்வகம் மூடிப்போனால் அவன் இங்கே இருந்ததற்கு என்ன அடையாளம் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. புல் வராமலே போகட்டும் என்று ஒரு கணம் நினைத்தாள். பாத்திரம் கழுவும் தொட்டியில் கைகளை முழங்கை வரை விட்டு, அந்த நினைப்புக்காக வெட்கப்பட்டு நின்றாள்.

புல் வந்தது. அங்கே கோடை தொடங்கும் நவம்பர்ச் சூட்டில் நாலு பக்கத்திலிருந்தும் தண்டுகள் ஊர்ந்து வந்தன. கணுவுக்குக் கணு வேர்விட்டு, அடுத்த கணுவை முன்னால் எறிந்து வந்தன. நடுவில் ஒரு தட்டு அளவுக்கு மட்டும் மண் தெரிந்தது. திருப்புளி இப்போது பாதி வரை இறங்கியது.

அந்த வாரத்தில்தான் டேமியன் போன் செய்தான். நோலீன் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவன் பெயரைத் திரையில் பார்த்ததும் வாயிலிருந்த கிளிப்பை எடுக்கவும் மறந்தாள்.

"என்னம்மா, பல்லு வலியா? ஒரு மாதிரி பேசுற."

"துணி கிளிப்புடா." எடுத்தாள். "எப்படிடா இருக்க?"

"இருக்கேன். இங்க வெயிலு ஆரம்பிச்சிடுச்சு." பின்னால் ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம். "அம்மா, அந்த எடம் காலியாத்தான இருக்கு?"

"காலியாத்தான் இருக்கு."

"அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாரே?"

"என்ன சொல்லப் போறாரு. வாடா."

"பாக்குறேன். இந்த வாரக் கடைசில வந்தாலும் வருவேன்."

மாலைச் சாப்பாட்டின்போது கெல்லிடம் சொன்னாள். அவர் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தவில்லை. மென்று, விழுங்கி, தண்ணீர் குடித்துவிட்டு, "மண்ணு இப்ப மெத்துனு இருக்குமே. சக்கரம் பொதைஞ்சிடும்" என்றார். அவள் முள்கரண்டியைத் தட்டில் வைத்தாள். அவர் எழுந்து பின்பக்கக் கொட்டகைக்குப் போனார். பலகைகள் இழுபடும் சத்தம் கேட்டது.

கொட்டகைக்குத் தளம் போடுவதற்காக வாங்கி வைத்திருந்த கனமான ஒட்டுப்பலகைகள். ஒவ்வொன்றாகத் தோளில் சாய்த்துக் கொண்டுவந்து புல்லின் மேல் இரண்டு வரிசையாக, தெருவோரத்திலிருந்து கேரவன் நிற்கும் இடம் வரை கிடத்தினார். சக்கரத்தின் இடைவெளியை அளக்கவில்லை, நினைவிலிருந்தே வைத்தார். பிறகு பலகையின் மேலேயே நடந்து பார்த்தார்.

"பாரம் பரவிடும். ஒண்ணும் ஆகாது" என்றார்.

வெள்ளிக்கிழமை அவள் படுக்கை விரிப்பை மாற்றினாள். அவன் அந்த அறையில் படுக்கமாட்டான் என்று தெரிந்தும் மாற்றினாள். சனிக்கிழமை ஆட்டுத்தொடையை அடுப்பில் வைத்தாள். கெல் அன்று புல் வெட்டவில்லை, வெட்டும் இயந்திரத்தின் சத்தத்தில் வண்டி வருவது கேட்காது என்றார். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மெர்வ், "என்னடா, விமானம் எதுவும் எறங்கப் போகுதா?" என்று கேட்டார்.

"டேமியன் வர்றான்."

"அப்படியா" என்றார் மெர்வ். தொப்பியைக் கழற்றி மாட்டிக்கொண்டார். "நல்லது. நல்லதுடா."

ஞாயிற்றுக்கிழமை அவன் வராமல் மிஞ்சிய கறியை ஆறியபடியே ரொட்டிக்குள் வைத்துச் சாப்பிட்டார்கள். திங்கட்கிழமையிலிருந்து அவன் போனில் பெண் குரல் ஒன்று, இணைப்பில் இல்லை என்று சொல்ல ஆரம்பித்தது. நோலீன் ஆரஞ்சுக் கொட்டகையின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினாள். எடுத்த மேலாளர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "வியாழக்கிழமையே கணக்கு முடிச்சுட்டுப் போயிட்டானேம்மா. கேரவனைக் கட்டிக்கிட்டுப் போனான். எந்தப் பக்கம் திரும்பினான்னு நான் பாக்கல. எல்லார்கிட்டயும் கை குடுத்துட்டுதான் போனான்."

கை கொடுத்துவிட்டுப் போனது நல்லதா கெட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கெல்லிடம் அதை மட்டும் சொல்லவில்லை. காவல் நிலையத்தில் எழுதிக்கொண்டார்கள். வளர்ந்த ஆள், எங்கே வேண்டுமானாலும் போவார், வழியில் எங்காவது நிறுத்தியிருப்பார், தகவல் வந்தால் சொல்கிறோம் என்றார்கள். பெர்த்தில் மருமகளுக்கு அவன் போன் செய்யவில்லை. கெல் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மில்டுரா சாலையில் பாதி தூரம் வரை ஓட்டிக்கொண்டு போய், சாலையோர நிறுத்தங்களையெல்லாம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். பெட்ரோல் நிலையத்தில் வாங்கிய, இறைச்சி வைத்துச் சுருட்டிய சூசேஜ் ரோலைச் சாப்பிடாமல் பையோடு கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

டிசம்பர் வந்தது. மெர்வ் தன் வீட்டுத் தாழ்வாரத்தில் வண்ண விளக்குகளைக் கட்டினார், கிண்டலாக ஒன்றும் சொல்லாமல். கெல் மறுபடி சனிக்கிழமைகளில் புல் வெட்டினார். பலகைகளைச் சுற்றி மெதுவாக வளைத்து ஓட்டுவார். விளிம்பில் உயர்ந்து நின்ற புல்லை மண்டியிட்டுக் கத்தரியால் நறுக்குவார். செவ்வகம் முழுக்கப் பச்சையாகிவிட்டது, அந்த இரண்டு வரிசைகளைத் தவிர. பலகையை எடுக்கலாமா என்று அவர் கேட்கவில்லை. எடுத்துவிடு என்று அவளும் சொல்லவில்லை. திருப்புளி தாழ்வாரத்துக் கைப்பிடிச் சுவரிலேயே கிடந்தது.

ஒரு மாலை கெல் உள்ளே வானொலியில் கிரிக்கெட் கேட்டுக்கொண்டிருக்கும்போது நோலீன் வெளியே வந்தாள். திருப்புளியைக் கையில் எடுத்தாள். நடுவில் இருந்த பலகையின் ஒரு முனையைத் தூக்கினாள். கனமாக இருந்தது. அடியிலிருந்து ஈர வாடை வந்தது. புல் மஞ்சளாகப் படிந்து கிடந்தது. அதிலிருந்து நூல்போல வெள்ளைத் தளிர்கள் புறப்பட்டு, வெளிச்சம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் நாலு திசையிலும் நீண்டிருந்தன. சில விளிம்பு வரை வந்துவிட்டிருந்தன.

பலகையை முழங்காலில் தாங்கிக்கொண்டு திருப்புளியை மண்ணில் வைத்தாள். அவள் அழுத்தக்கூட இல்லை. கைப்பிடி வரை இறங்கிவிட்டது.

"நோல்" என்றார் கெல். கதவருகே எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. உள்ளே கூட்டத்தின் ஆரவாரம் கேட்டது. "கை மாட்டிக்கப் போகுது. இரு, வர்றேன்."

அவர் வந்து மறுமுனையைப் பிடித்தார். அடியில் கிடந்த வெள்ளைத் தளிர்களை அவரும் பார்த்தார். பலகையை இரண்டு பேரும் தூக்கிப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார்கள். தெருமுனையில் ஏதோ வண்டி வேகம் குறைந்தது. இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அது நேராகப் போய்விட்டது.

"உன் பக்கம் கொஞ்சம்" என்றார் கெல்.

அவள் ஒரு விரற்கடை நகர்த்தினாள். பலகையை அதன் மஞ்சள் தடத்துக்குள்ளேயே, ஒரு தளிரும் விளிம்பில் நசுங்காதபடி, மெல்ல இறக்கி வைத்தார்கள்.