தும்பிக்கை போட்ட எழுத்து

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: ஆலோசகர், தையற்காரி, பல் மருத்துவமனை வரவேற்பாளர், லாரி ஓட்டுநரின் மனைவி, பெரியக்காவின் தம்பி மனைவி, கதவருகே தனி நாற்காலியில் பெரியக்கா. அந்த நான்கு தாய்மாரின் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளும் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் விளையாட்டு அறையில் இருந்தார்கள்.

பெரியக்கா பேச வந்தவள் அல்ல, காவலுக்கு வந்தவள். வீட்டு விஷயம் வாசல் தாண்டக் கூடாது. நாலு பேர் நடுவில் தம்பி மனைவி எதையாவது கொட்டிவிட்டால்? கூட்டம் முடிந்ததும் அவள் மகள் குட்டியோடு நேரே பேருந்து ஏறி, இரண்டு நாள் தாய்வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. பை பெரியக்காவின் காலடியில் இருந்தது. தூக்கி வைத்தபோதே நினைத்தாள், இவ்வளவு லேசாகவா?

“மனசுல இருக்கிற பயத்தை எழுதிப் போடுங்க. பேர் வேண்டாம்,” என்று ஆலோசகர் பிஸ்கட் டப்பாவை நீட்டினார்.

“ஒரு சீட்டு பத்தாது மேடம், நோட்டாவே குடுங்க,” என்றாள் தையற்காரி. எல்லோரும் சிரித்தார்கள். தம்பி மனைவியும் சிரித்தாள். அவள் சிரித்து மாதக்கணக்காகிறது.

மூன்று சீட்டுகளிலும் ஒரே கேள்வி: எனக்குப் பிறகு யார்? நான்காவதில் ஆலோசகர் தடுமாறினார்.

“‘இனி பயமில்லை. நான் போகும்போது அவ... அவளையும் கூட்டிக்கொண்டு போய்விடுவேன்.’ யாரோ ‘ளை’க்குத் தும்பிக்கை போட்டு எழுதியிருக்காங்க.”

யாரும் சிரிக்கவில்லை.

கொம்புக்குப் பதில் யானைத் தும்பிக்கை போல வளைத்த, பழைய காலத்து ளை. கல்யாணமாகி வந்த புதிதில், “இந்த வீட்டு எழுத்து இப்படித்தான்” என்று அடம்பிடித்துத் தம்பி மனைவிக்குப் பெரியக்கா பழக்கிய ளை.

குனிந்து பையின் ஜிப்பை இழுத்தாள். இரண்டு நல்ல புடவை. குட்டியின் புது கவுன். டயப்பர் இல்லை. ஒரு வேளைகூடத் தவறக் கூடாத வலிப்பு மாத்திரையும் இல்லை.

தம்பி மனைவி எழுந்து வந்தாள். “பஸ்ஸுக்கு நேரமாச்சு அண்ணி. பையைக் குடுங்க.”

வாயை மூடிக்கொண்டால் மானம் தப்பும். பெரியக்கா பையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

“மேடம், அது எங்க வீட்டு எழுத்து.”

“அண்ணி!”

“கத்தாத, உட்காரு. எழுதப் பழக்கினவ நான். என்னன்னு ஒரு நாளாவது கேட்டிருக்கணும், கேக்கல.” கதவைத் தாழிட்டு, நாற்காலியை வட்டத்துக்குள் இழுத்துப் போட்டாள்.

அந்தக் குடும்பம் குட்டியை விடுதியில் தள்ளிவிட்டது என்று தெருவில் ஒரு பேச்சு இருக்கிறது. பொய். குட்டி வீட்டில்தான் இருக்கிறாள், அவள் அம்மாவும் இருக்கிறாள். வியாழக்கிழமைதோறும் மூவரும் அந்தக் கூட்டத்துக்குப் போகிறார்கள்.