ஒரு சாணும் நாலு விரலும்

2021ஆம் ஆண்டு நவம்பர் இரண்டாம் திகதி, செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு, லண்டன் நகரின் நடுவில் ஒரு காசினோவின் சலவைக்கல் தரையில் வழுக்கிய மோர்டன்வாசி தவராசா, விழுந்து முடிக்க மூன்று வருடமும் ஏழு மாதமும் எடுத்தார். வழுக்கியது என்னவோ ஒரு நொடியில்தான். வலது கால் முன்னே போனது, இடது கால் அதற்குத் துணையாகப் போனது, தலை பின்னுக்குச் சாய்ந்தது, கைகள் இரண்டும் காற்றைப் பிடித்தன. அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. இடுப்புக்கும் தரைக்கும் இடையில் ஒரு சாணும் நாலு விரலும் மிச்சமிருக்க, அவர் அந்தரத்தில் சரிந்தபடியே நின்றுவிட்டார். அதை நின்றது என்பதா கிடந்தது என்பதா என்ற கேள்வி பிற்பாடு நீதிமன்றத்தில் ஒரு முழுக் காலைப்பொழுதைத் தின்றது. காசினோவின் முதலுதவிக்காரர் ஓடிவந்து சுகமா என்று கேட்டார். இந்த நாட்டில் முப்பது வருடம் இருந்த பழக்கத்தில் தவராசா, சுகம்தான், மன்னிக்கவேண்டும் என்றார். அந்த மன்னிப்பையும் வழக்கில் அவருக்கு எதிராகவே எடுத்தார்கள்.

தவராசா சூதாடுபவர் அல்ல. கோயில் கட்டட நிதிக்கு விற்கும் அதிர்ஷ்டச் சீட்டைக்கூடக் காசு கொடுத்து வாங்கி, பெயர் எழுதாமல் திருப்பிக் கொடுக்கிற ஆள். அன்றைக்கு அவர் வேலை செய்த தபால் பிரிக்கும் நிலையத்தில் ஓர் ஐரிஷ்காரர் ஓய்வுபெற்றார். அவருக்கான மத்தியானச் சாப்பாட்டைக் காசினோ மாடியிலுள்ள உணவகத்தில் வைத்திருந்தார்கள். இறைச்சி நல்லது, விலையும் மலிவு. மனைவி வசந்தமலரிடம், வேலையிடத்துச் சாப்பாடு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். காசினோ என்ற சொல்லை வீட்டுக்குள் சொல்ல வெட்கமாக இருந்ததுதான் காரணம். அந்த வெட்கம் அவருக்கு மூன்றே முக்கால் வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாகச் செலவு வைத்தது.

சாப்பிட்டு இறங்கி வரும்போது, ஆட்ட மண்டபத்தின் வாசலில் பித்தளைப் பிள்ளையார் இருந்தார். தீபாவளி வாரம் என்பதால் இந்திய, இலங்கை வாடிக்கையாளர்களைக் குளிர்விக்க நிர்வாகம் அவரை வாடகைக்கு எடுத்து, செவ்வந்தி மாலை போட்டு, மின்சார விளக்கும் வைத்திருந்தது. தவராசாவின் மூளை இது காசினோ என்று சொல்வதற்கு முன்பே கை சப்பாத்து நாடாவுக்குப் போய்விட்டது. கழற்றிச் சுவரோரம் வைத்தார். வழுவழுப்பான காலுறைகளோடு மூன்று அடி நடந்தார். தலையில் மூன்று முறை குட்டினார். தோப்புக்கரணத்துக்காகக் காதைப் பிடிக்கக் கை குறுக்கே போகும் தறுவாயில், பக்கத்து மேசையில் இருந்த ஐஸ் வாளி ஒழுகிய இடத்தில் கால் பட்டது. தங்கள் வரலாற்றில் சப்பாத்தைக் கழற்றிய முதல் மனிதர் இவர்தான் என்று காசினோ மேலாளர் பிறகு எழுத்தில் கொடுத்தார். அது பொய் அல்ல.

அம்புலன்ஸ்காரர் அவரை நிமிர்த்தப் பார்த்தார்கள், முடியவில்லை. அமர்த்தியும் பார்த்தார்கள், அதுவும் முடியவில்லை. ஆனால் தோளைத் தொட்டு மெல்லத் தள்ளினால் சரிவு மாறாமல் நகர்ந்தார். படியில் ஏற்றினாலும், சில்லுவண்டியில் வைத்தாலும், அந்தச் சாணும் நாலு விரலும் குறையவில்லை. எலும்பு முறியவில்லை, இரத்தம் வரவில்லை, எனவே ஆஸ்பத்திரியில் ஆறு மணி நேரம் காத்திருக்க வைத்து, இரண்டு பரசிற்றமோல் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வீட்டுக் கதவைத் திறந்த வசந்தமலர், கணவர் வாசலில் சரிந்து மிதப்பதைப் பார்த்தார். அவரை எங்கேயிருந்து கொண்டுவந்தோம் என்று அம்புலன்ஸ்காரர் சொல்வதையும் கேட்டார். கூச்சல் போடவில்லை. காலுறையைப் பார்த்தார்.

"சப்பாத்து எங்கை?" என்று மட்டும் கேட்டார்.

தவராசா பிள்ளையார், சாப்பாடு, ஐரிஷ்காரர் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். வசந்தமலர், "சரி, உள்ளுக்கு வாங்கோ" என்றார். அதன்பிறகு அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. வசந்தமலரின் தம்பி இதே நகரத்தில் சீட்டாட்டத்தில் ஒரு கடையையும் ஒரு குடும்பத்தையும் தொலைத்தவர். அவரும் முதல்நாள் ஆடிவிட்டு வீட்டுக்கு வந்து, சாப்பிடத்தான் போனேன் என்றுதான் சொல்லியிருந்தார்.

அந்த வருடங்களில் அந்த வீட்டில் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். வசந்தமலர் இரண்டு தடித்த போர்வைகளை மடித்துக் கணவருக்குக் கீழே விரித்தார். எந்த நேரம் விழுவாரோ என்று அவற்றை அவர் போகுமிடமெல்லாம் இழுத்துக்கொண்டு திரிந்தார். சோற்றைக் குழைத்து ஊட்டினார், ஏனென்றால் சரிந்தபடி சாப்பிட்டால் குழம்பு காதுக்குள் போகிறது. தொலைக்காட்சியைச் சுவரில் சாய்த்து மாட்டினார். அதுவரை தவராசா விடியப்புறம் வேலைக்குப் போவதும், வசந்தமலர் பின்னேர ஷிப்டுக்குப் போவதுமாக, இருவரும் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிய துண்டுக் காகிதங்களில்தான் பேசிக்கொண்டார்கள். இப்போது உட்கார்ந்து பேசினார்கள். ஒருவர் உட்கார்ந்தார் என்று திருத்திக்கொள்ளலாம். பெனிபிட் என்கிற அரசு உதவிப்பணத்துக்கான பரிசோதனைக்கு வந்தவர் எழுந்து நிற்க முடியுமா என்று கேட்டதற்கு, "நிண்டுகொண்டும் இருக்கிறன், விழுந்துகொண்டும் இருக்கிறன்" என்று தவராசா உண்மையைச் சொன்னார். விண்ணப்பத்தில் அதற்குப் பெட்டி இல்லை. சுரங்க ரயிலில் போகும்போது யாரும் அவரை உற்றுப் பார்க்கவில்லை. லண்டனில் அது மரியாதை. ஒருமுறை ஒரு பெண் மட்டும் எழுந்து இடம் கொடுத்தாள், அதைப் பயன்படுத்த முடியாததற்கு அவர் அவளிடம் மன்னிப்புக் கேட்டார்.

வழக்கை எடுத்தவர் கஜந்தினி. ரூட்டிங்கில் ஒரு சேலைக்கடைக்கு மேல் அறை வைத்திருந்த இளம் சட்டத்தரணி. இந்த நாட்டில் விபத்துக்கு வழக்குப் போட மூன்று வருடம் தவணை என்பதால், விழுந்து முடிக்கட்டும் என்று காத்திருக்க முடியாது என்றார். காசினோ தரப்பு மூன்று பதில்களை அனுப்பியது. தரை காய்ந்து கிடந்தது. காலுறையோடு நடந்தது அவரது பிழை. எல்லாவற்றுக்கும் மேலாக, விழாத ஒருவர் விழுந்ததற்கு நட்டஈடு கேட்க முடியாது. கடைசிப் பதிலை வாசித்துவிட்டு கஜந்தினி வாய்விட்டுச் சிரித்தார்.

"டோண்ட் வொறி அங்கிள். நீங்கள் இன்னும் விழுந்து முடிக்கேல்லை, அவ்வளவுதான். இட்ஸ் அன் ஒன்கோயிங் அக்சிடென்ட்."

தரை காய்ந்து கிடந்தது என்ற பதிலில் ஒரு சிக்கல் இருந்தது. அந்த ஈரம் அதற்குப் பிறகும் காயவில்லை. ஒரு தட்டு அகலத்தில், பிள்ளையாரை வாடகைக்காரர் திரும்ப எடுத்துக்கொண்டு போன பிறகும், அது அங்கேயே இருந்தது. துடைத்தார்கள், சூடான காற்று அடித்தார்கள், கல்லையே பெயர்த்து வேறு கல் பதித்தார்கள். புதுக் கல்லிலும் அதே இடத்தில் ஈரம் வந்தது. பிளேஸ்டோவிலிருந்து வேலைக்கு வந்த துப்புரவுப் பணியாளர் சுவர்ணா, மணிக்கு ஒரு தடவை தரையைப் பார்த்துக் கையொப்பமிடும் தாளில் ஒவ்வொரு மணிக்கும் 'ஈரம்' என்று எழுதினார். காய்ந்தது என்று எழுதும்படி மேலாளர் சொன்னபோது, நீங்களே எழுதுங்கோ என்று பேனாவை நீட்டினார்.

இரண்டாம் வருட முடிவில் காசினோ ஒரு தொகை தர முன்வந்தது. நல்ல தொகை. வீட்டுக் கடனை அடைத்துவிட்டு மிச்சமும் வரும். தரை ஈரமாக இருந்தது என்று மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார்களாம். கஜந்தினி அதை விளக்கியபோது தவராசா சரிந்தபடியே வேண்டாமென்று தலையை ஆட்டினார். அவரிடம் ஒரு பழைய கோப்பு உண்டு. 1990இல் இந்த நாட்டுக்கு வந்து இறங்கியதும், புகலிடம் கேட்டு, ஊரில் தனக்கு நடந்ததை ஓர் அதிகாரிக்கு ஒன்றும் மறைக்காமல் சொன்னார். நாலு மாதத்தில் பதில் வந்தது: நீர் சொல்வது நம்பத்தகுந்ததல்ல. பிறகு வேறு வழியில் வதிவிட உரிமை கிடைத்தது, குடியுரிமையும் கிடைத்தது, ஆனால் அந்த ஒரு வரியை யாரும் திருப்பி எடுக்கவில்லை.

"அண்டைக்கும் நான் உண்மைதான் சொன்னனான். இண்டைக்கும் உண்மைதான் சொல்லுறன். காசு வேண்டாம் பிள்ளை. தரை ஈரம் எண்டு ஆரும் ஒராள் சொல்லவேணும்."

கஜந்தினி வசந்தமலரைப் பார்த்தார். வசந்தமலர் போர்வையின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தார். "அவர் சொல்லுறபடி செய்யுங்கோ" என்றார், நிமிர்ந்து பார்க்காமல்.

வழக்கு 2025 ஜூன் மாதம் விசாரணைக்கு வந்தது. தவராசாவைச் சாட்சிக் கூண்டுக்குள் குறுக்கே கொண்டுபோக முடியாததால் கூண்டின் கதவைக் கழற்றினார்கள். சுவர்ணா ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்து, "அண்டைக்கும் ஈரம்தான், இண்டைக்கும் ஈரம்தான்" என்று சொல்ல, மொழிபெயர்ப்பாளர் அதை நாலு வரி ஆங்கிலமாக்கினார். கஜந்தினி தன் வாதத்தை நிதானமாக வைத்தார். பிள்ளையாரைக் கொண்டுவந்து வைத்தவர்கள், அவரைக் கும்பிட ஒரு தமிழர் வருவார் என்று எதிர்பார்த்துத்தான் வைத்தார்கள். தமிழர் வந்தால் சப்பாத்தைக் கழற்றுவார் என்பதையும் எதிர்பார்த்திருக்க வேண்டும். நீதிபதி, ஒரு மெலிந்த வெள்ளைக்காரப் பெண்மணி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அதைக் குறித்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்துத் தீர்ப்பை வாசித்தார். தரை ஈரமாக இருந்தது. காலுறையில் பிழை இல்லை. இழந்த சம்பளத்தைக் காசினோ கொடுக்க வேண்டும். மனுதாரர் உண்மை பேசும் சாட்சி, அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் நான் நம்புகிறேன். தவராசா அழுதார். சரிந்திருந்ததால் கண்ணீர் காதுப்பக்கமாகப் போனது.

இனி விழுவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். கஜந்தினி தன் கோட்டைக் கழற்றிக் கீழே விரித்தார். நீதிமன்ற ஊழியர்கூட ஒரு கதிரை மெத்தையைக் கொண்டுவந்து வைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. அரை மணி நேரம் பார்த்துவிட்டு, அடுத்த வழக்கு இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் வசந்தமலர் தேத்தண்ணி போட்டு, கணவருக்கு உறிஞ்சுகுழாய் வைத்துக் கொடுத்துவிட்டு, வழக்குக் கோப்பைச் சமையலறை மேசையில் வைத்துப் புரட்டினார். அதுவரை அவர் அதைத் திறந்ததே இல்லை. நாற்பத்தோராம் பக்கத்தில் காசினோவின் கண்காணிப்புக் கமரா எடுத்த படம் இருந்தது. கணவர் படத்தின் ஓரத்தில் அரைகுறையாகத்தான் தெரிந்தார். சப்பாத்துகள்தான் தெளிவாகத் தெரிந்தன. சுவரோரம், இரண்டும் ஒட்டினாற்போல், நுனி சுவரைப் பார்த்தபடி, நாடாக்கள் உள்ளே மடித்து வைக்கப்பட்டிருந்தன. முப்பத்திரண்டு வருடமாக இந்த வீட்டு வாசலிலும், வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயில் வாசலிலும் அவர் கழற்றி வைக்கிற அதே விதம். வசந்தமலர் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து வந்து கணவருக்குப் பக்கத்தில் தரையில் இருந்தார்.

"இஞ்சருங்கோ. நான் உங்களை நம்பேல்லை."

தவராசா உறிஞ்சுகுழாயை வாயிலிருந்து விட்டார்.

"தம்பியைப் போலத்தான் எண்டு நினைச்சனான். இவ்வளவு நாளும் அப்பிடித்தான் நினைச்சனான். கேட்டால் பொய் சொல்லுவியளோ எண்டு பயத்தில கேக்கேல்லை."

"தெரியும்" என்றார் தவராசா. "நீர் கேக்காமல் விட்டதுதான் எனக்கு நோவு. மற்றதெல்லாம் ஒண்டுமில்லை."

"சூதாடப் போற மனிசன் நாடாவை உள்ளுக்கு மடிச்சு வைக்கமாட்டான்" என்றார் வசந்தமலர். "நீங்கள் சாப்பிடத்தான் போனனீங்கள். பிள்ளையாரைக் கும்பிடத்தான் நிண்டனீங்கள். நான் நம்புறன்."

தவராசா விழுந்தார். ஒரு சாணும் நாலு விரலும்தான், ஆனால் மூன்று வருடமும் ஏழு மாதமும் காத்திருந்த விழுகை என்பதால் மேசையிலிருந்த கோப்பைகள் ஆடின. போர்வைகள் அன்றைக்கு என்று பார்த்துத் தோய்க்கப் போடப்பட்டிருந்தன. இடுப்பு நேராகத் தரையில் அடித்தது.

"நொந்ததோ?" என்று பதறிப்போய்க் கேட்டார் வசந்தமலர்.

"ஓம்" என்றார் தவராசா. "நல்லா நொந்தது." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை வசந்தமலர் அவர்களுடைய கலியாணப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. இடுப்பில் ஒரு கத்தரிக்காய் அளவுக்கு நீலம் பாரித்தது. மூன்று கிழமை எண்ணெய் பூசினார்கள்.

அன்று பின்னேரம் ஆறு மணிக்குச் சுவர்ணா காசினோத் தரையைக் குனிந்து பார்த்து, உள்ளங்கையை வைத்தும் பார்த்துவிட்டு, தாளில் 'காய்ந்தது' என்று எழுதிக் கையொப்பமிட்டார். அந்த வருடத் தீபாவளிக்கு நிர்வாகம் மறுபடி பிள்ளையாரை வாடகைக்கு எடுத்தது, பக்கத்தில் ஒரு சப்பாத்துத் தட்டும் வைத்தது. தவராசாவும் வசந்தமலரும் ஒரு மத்தியானம் அங்கே சாப்பிடப் போனார்கள். இருவரும் சப்பாத்தைக் கழற்றினார்கள். அவர் தோப்புக்கரணம் போட்டு முடிக்கும்வரை வசந்தமலர் ஒரு கையை அவர் முதுகுக்குப் பின்னால், படாமல், பிடித்துக்கொண்டு நின்றார். இறைச்சி நன்றாகத்தான் இருந்தது என்று வீட்டுக்கு வந்து சொன்னார்.