உப்பு ஐஸ்

பொழுது புலர்வதற்கு முன்பே இறால் ஷெட்டுக்கு முதல் லாரி வந்துவிடும். பெட்டி பெட்டியாக இறாலை மேசையில் கொட்டுவார்கள். தலையைக் கிள்ள வேண்டும், ஓட்டை உரிக்க வேண்டும், முதுகில் ஓடும் கறுப்பு நரம்பை நகத்தால் நெம்பி இழுக்க வேண்டும். ஐஸ் தண்ணீரில் ஊறிய விரல்கள் முதலில் வலிக்கும், பிறகு மரத்துப்போகும். அந்த மரத்துப்போவதுதான் அந்த ஷெட்டில் கிடைக்கிற ஒரே சலுகை. விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண். அதன்மேல் இறால் முள் ஏறினால் உயிர் போய் உயிர் வரும். காலடியில் ஓடுகிற தண்ணீரின் நாற்றத்தைச் சொல்லி மாளாது. குளித்தாலும் போகாமல், கூந்தலில் ஏறிக்கொண்டு தலையணை வரை கூடவே வரும்.

மேசையின் கடைசியில் நிற்பவளை எல்லோரும் நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் உயரம், மேசை குட்டை, முதுகு ஒடிந்துவிடும். அவள் காலருகே, கழுவித் துடைத்த மீன்பெட்டி ஒன்றில் மகள் சிட்டு உட்கார்ந்திருப்பாள். இன்னும் மழலை மாறவில்லை. சிட்டுவுக்குச் சர்க்கரை நோய். நடை பழகி ஓடத் தொடங்கியபோது வந்தது. உடம்புக்குள் இன்சுலின் சுரப்பது நின்றுபோய்விட்டது, இனி ஆயுசுக்கும் ஊசிதான் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

"இத்துனூண்டுக்கு சக்கரையா? வயித்துல இருக்கும்போது நீ இனிப்பா முழுங்கியிருப்ப!" என்று சொல்லாத வாய் கிடையாது. வாங்கிய கூலியில் வயிறு நிறைந்த நாளே நெட்டைக்கு நினைவில்லை. இதில் இனிப்புக்கு எங்கே போவது?

பிள்ளை வளர்ப்பு என்றால் மற்றவர்களுக்குச் சோறூட்டுவது, தாலாட்டுவது. இவளுக்கு அதெல்லாம் குத்திய பிறகுதான். முதலில் விரலில் குத்தி ரத்தம் பார்க்க வேண்டும். பிறகு ஊசி. பிறகுதான் சோறு. ஊசி போட்டபின் பிள்ளை சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்தால் தாய்க்கு ஈரக்குலை நடுங்கும். சர்க்கரை இறங்கிக் கை கால் வெலவெலத்தால் வாயில் சர்க்கரையைத் திணிக்க வேண்டும். ஏறினாலும் ஆபத்து, இறங்கினாலும் ஆபத்து. ஆரம்பத்தில் அலறிக்கொண்டிருந்த சிட்டு, இப்போதெல்லாம் அம்மா பக்கத்தில் வந்தாலே தானாக விரலை நீட்டுகிறாள். அந்த நீட்டிய விரலைப் பார்ப்பதைவிட அவள் அலறியதே தேவலை என்று நெட்டைக்குத் தோன்றும்.

இத்தனைக்கும் பாழாய்ப்போன மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான். இறால் நாற்றமடிக்கும் கையோடு ஊசி போட முடியுமா? சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். "என்ன, கல்யாணத்துக்கா கிளம்புற?" என்பான்.

கோடை தொடங்கியதும் முதலாளிக்குப் புதுப் புத்தி வந்தது. ஷெட்டுக்குப் பின்னால் கம்பெனி கட்டிக்கொடுத்த தகர வீடுகளில்தான் பெண்கள் குடியிருந்தார்கள். 'வேலை நேரத்தில் ஆள் இல்லாத வீட்டுக்கு எதற்குக் கரண்ட்?' என்று பகல் முழுக்க இணைப்பைத் துண்டிக்கச் சொல்லிவிட்டார். பெண்கள் கூட்டாகச் சேர்ந்து வாங்கிய பழைய ஃப்ரிட்ஜ் ஒன்று அங்கே இருந்தது. அதில்தான் சிட்டுவின் மருந்தும் இருந்தது. தகரக்கூரைக்குக் கீழே, கரண்ட் இல்லாத ஃப்ரிட்ஜ் அடுப்பாகிவிட்டது.

நெட்டை மருந்துப் புட்டியை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு மேனேஜரிடம் போனாள்.

"ஆபீஸ் ஃப்ரிட்ஜுல ஒரு ஓரமா வச்சுக்கிறேன் சார். சுண்டுவிரல் அளவு எடம் போதும்."

"முதலாளி ஜூஸ் குடிக்கிற எடத்துல ஊசி மருந்தா? உனக்கே அருவருப்பா இல்ல?"

அருவருப்பாகத்தான் இருந்தது. ஆனால் அவன் நினைத்த காரணத்துக்கு அல்ல.

ஐஸ் அறையைப் பார்த்துக்கொள்ளும் ஐஸ்காரக்காவின் காதில் இது விழுந்தது. சிட்டு மேல் அவளுக்கு உயிர். "அவன் கெடக்கான் விடு. ஐஸ் மலையே என் பொறுப்புல இருக்கு, ஒரு புட்டிக்கு எடமில்லையா? டன் கணக்கா இறாலக் கெடாம காப்பாத்துறவ நான்!" என்று வாங்கிக்கொண்டாள். ஏற்றுமதிச் சரக்குக்கு உப்புப் போட்ட ஐஸ்தான் உசத்தி, சும்மா ஐஸைவிடப் பல மடங்கு குளிரும். அதன் அடியாழத்தில் புட்டியைப் புதைத்தாள். வேளைக்கு வேளை தோண்டி எடுத்து, கெட்டியாகிப்போனதை உள்ளங்கையில் வைத்து உருக்கிக் கொடுத்தாள். நெட்டை கையெடுத்துக் கும்பிட்டாள். எவ்வளவு குளிரோ அவ்வளவு நல்லது என்பது அந்த ஷெட்டில் யாருக்கும் சந்தேகமே வராத பாடம்.

மருந்து போட்டும் சர்க்கரை ஏறியது. இன்னும் போட்டும் இன்னும் ஏறியது. சிட்டு தண்ணீர் தண்ணீர் என்று அரற்றினாள், பாவாடை நனைந்துகொண்டே இருந்தது. நெட்டைக்குப் புத்தி கோணலாகப் போயிற்று.

"எவடி என் புள்ளைக்கு மிட்டாய் குடுத்தது? பாவம் பாக்குறேன்னு கொல்லப் பாக்குறீங்களா?" என்று மேசை முழுவதையும் ஏசினாள். குறிப்பாக ஐஸ்காரக்காவை.

மறுநாள் சிட்டு வாந்தியெடுத்தாள். மூச்சு வாங்கியது, கண் செருகியது. நெட்டை மருந்துப் புட்டியை மடியில் செருகி, அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். கேட்டில் வழிமறித்த மேனேஜர், "பாதி வேலையில போனா திரும்பி வராத!" என்று கத்தினான்.

ஆஸ்பத்திரியில் பிள்ளையைப் பிழைக்க வைத்துவிட்டார்கள். மருந்துப் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த டாக்டர், "இதை எங்க வச்சிருந்தீங்க?" என்று கேட்டார். நெட்டை பெருமையாகத்தான் சொன்னாள். அவர் தலையில் அடித்துக்கொண்டார். இன்சுலின் ஒருமுறை உறைந்தால் போயிற்றாம், பிறகு அது வெறும் தண்ணீராம். குளிரில் வையுங்கள் என்று முதல் நாள் சொன்ன நர்ஸ் அதோடு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாள். உறையக் கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை.

புதுப் புட்டியோடும் பிள்ளையோடும் அவள் திரும்பி வந்தபோது, "உனக்குத்தான் வேலை இல்லைன்னுட்டேனே" என்றான் மேனேஜர். அவனைத் தாண்டிக்கொண்டு உள்ளே போய், மேசைப் பெண்களிடம் நடந்ததைச் சொன்னாள். ஏசியதற்கு மன்னிப்பும் கேட்டாள்.

ஐஸ்காரக்கா மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். "நான்தான்டி உன் புள்ளையக் கொல்லப் பாத்தேன்" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

நெட்டை அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "நீ எடம் குடுத்தக்கா. எடமில்லன்னு சொன்னவனும் கரண்டப் புடுங்கினவனும் ஏசியில உக்காந்திருக்கானுங்க. நீ ஏன் அடிச்சுக்கிற?"

மேசையில் யாருடைய கையும் இறாலைத் தொடவில்லை. ஒருத்தி ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். பக்கத்தில் இருந்தவளும் துடைத்தாள். பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். தகர வீடுகளுக்குப் பகலிலும் கரண்ட் வேண்டும், நெட்டைக்கு வேலை வேண்டும், பிள்ளையைப் பார்க்கப் போகிற தாயைக் கடிகாரம் காட்டி மிரட்டக் கூடாது. இவ்வளவுதான் கேட்டார்கள்.

முதலாளி வந்தார். காரிலிருந்து இறங்கும்போதே கைக்குட்டை மூக்குக்குப் போய்விட்டது. காரும் வீடும் எந்த நாற்றத்தில் விளைந்தனவோ அதை அந்த மனிதரால் ஒரு நிமிஷம் தாங்க முடியாது. நெட்டையை மட்டும் தன் அறைக்குள் கூப்பிட்டார். சிட்டுவை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள்.

"எனக்கும் குழந்தைங்க இருக்கும்மா, கஷ்டம் புரியாதா? உன் மருந்தை என் ஃப்ரிட்ஜுலயே வச்சுக்கோ. வேலையும் உண்டு. வெளிய போயி அவங்களை எழுந்திரிக்கச் சொல்லு, போதும்."

'சரிங்க' என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. தன் நாக்கின் மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது. ஆனால் கையில் புட்டி சூடேறிக்கொண்டிருந்தது, அதற்கு மானம் ரோஷம் தெரியாது. வாசலுக்குப் போய், முதலாளி சொன்னதை ஒன்று விடாமல் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "நான் என்னக்கா பண்ணட்டும்?"

"என்ன கேள்வி இது? மொதல்ல மருந்த உள்ள வை!" என்று அதட்டினாள் ஐஸ்காரக்கா. "புள்ள உசுருல போயி ரோஷம் பாப்பியா?"

நெட்டை ஜூஸ் பாட்டில்களை ஒதுக்கிவிட்டுப் புட்டியை வைத்தாள். உறையும் தட்டில் அல்ல, கதவோரத்தில், டாக்டர் சொன்ன இடத்தில்.

முதலாளி முகம் மலர்ந்தது. "சரி, எல்லாரும் வேலைக்குப் போங்க."

"மருந்துதானே உள்ள போச்சு? நாங்க போறோம்னு யாரு சொன்னது?" என்றாள் ஐஸ்காரக்கா.

"அப்ப அந்த மருந்தத் தூக்கி வெளிய எறிஞ்சிடுவேன்!"

ஐஸ்காரக்கா எழுந்தாள். சொட்டச் சொட்ட நனைந்த ரப்பர் பூட்ஸோடு கம்பளத்தை மிதித்துக்கொண்டு அறைக்குள் வந்தாள். ஃப்ரிட்ஜ் கதவில் முதுகைச் சாய்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பின்னாலேயே மேசைப் பெண்கள் அத்தனை பேரும் வந்தார்கள். இடம் கிடைக்காதவர்கள் வாசலில் உட்கார்ந்தார்கள். பேக்கிங் பகுதி ஆண்களும் வேலையைப் போட்டுவிட்டு ஒவ்வொருவராக வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள்.

"வெளிய போங்க! நாறுது!" முதலாளி கைக்குட்டைக்குள்ளிருந்து கத்தினார்.

"நாறாம என்ன செய்யும்? உங்க சரக்குதானுங்களே" என்று யாரோ சொல்ல, அறை சிரித்தது.

சிட்டு விரலை நீட்டினாள். சாப்பாட்டு வேளை. முதலாளியின் மேசை மேலேயே அவளை உட்கார வைத்து, நெட்டை விரலைத் துடைத்துக் குத்தினாள். ஐஸ்காரக்கா மருந்தை எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடி கதவில் சாய்ந்தாள். ஊசி எப்படிப் போடுகிறாள் என்று பெண்கள் கழுத்தை நீட்டி உன்னிப்பாகப் பார்த்தார்கள்.

"இறால் கெட்டுப்போகுது! எவ்வளவு நேரம் இப்படியே உக்காந்திருப்பீங்க?" என்று முதலாளி பதறினார்.

நெட்டை அவசரப்படவில்லை. ஊசியை மூடி வைத்துவிட்டு, சோற்றை உருட்டிப் பிள்ளை வாயில் வைத்தாள்.

"அடுத்த ஊசி வரைக்கும்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறமும் ஊசி இருக்குங்க. ஆயுசுக்கும் இருக்கு."

ஐஸ்காரக்கா கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். நெட்டை பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.