மழையில் வண்டி எடுத்தவன்

1

கோபத்தில்தான் இந்தக் கதையைத் தொடங்கினேன். ஆயிரக்கணக்கான மாடுகளை அடைத்து வைத்திருக்கும் ஒரு பால் கம்பெனியைக் கூண்டில் ஏற்ற ஆசை. ஏற்றிப் பார்த்தால் கூண்டு காலியாகவே இருந்தது. கம்பெனிக்கு முகமில்லை, தலைகுனியக் கழுத்துமில்லை. கடைசியில், சாணக் கரைசலை வயல்களில் தெளிக்கும் டேங்கரின் டிரைவரைப் பிடித்து நிறுத்தினேன். (கைக்கு எட்டியவனைப் பிடிப்பது எழுதுகிறவனுக்கும் சுலபம். வெட்கமாகத்தான் இருக்கிறது.)

2

'நிலத்தடி நீர் மெல்ல மெல்ல நஞ்சாகி...' வேண்டாம். இது அறிக்கை.

நடந்தது இதுதான். மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், பண்ணையின் சாணக்குட்டை நிரம்பி வழிந்தது. மழையில் தெளித்தால் கரைசல் வயலில் தங்காது, கிணறுகளுக்குள் இறங்கிவிடும். டிரைவருக்கு அது தெரியும். மேனேஜருக்கும் தெரியும்.

"குட்டை உடைஞ்சா யாரு பதில் சொல்றது? வண்டியை எடுப்பா."

எடுத்தான். தெளித்து முடித்து, பக்கத்திலிருந்த தங்கை வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, தொப்பலாக நனைந்தபடி அவளிடம் துண்டு வாங்கித் தலை துவட்டிக்கொண்டான்.

சில வாரங்களில் தங்கையின் கைக்குழந்தைக்கு உதடு நீலம் பாரித்தது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டது. கிணற்றுத் தண்ணீரில் சாணத்தின் நைட்ரேட் ஏறியிருக்கிறது, அதில் பால்பவுடர் கலக்கவே கூடாது என்றார் டாக்டர். தங்கை கம்பெனி மேல் புகார் கொடுத்தாள்.

3

விசாரணை அதிகாரி டிரைவரிடம் கேட்டார்: "அன்னைக்கு மழையில தெளிச்சீங்களா?"

பின்வரிசையில் மேனேஜர் இருமினார். (இந்த இருமலை இரண்டு முறை அடித்து நீக்கினேன், மலிவாக இருக்கிறதென்று. ஆனால் அவர் இருமினார்.)

"இல்ல சார். வண்டியே எடுக்கல."

அதிகாரி தங்கையின் பக்கம் திரும்பினார். "நீங்க ஏதாவது பார்த்தீங்களாம்மா?"

அவள் குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள். அண்ணனைப் பார்த்தாள்.

"இல்லீங்க. நான் எதுவும் பார்க்கல."

அவனுக்கு உடம்பே கூசிப்போனது. காட்டிக்கொடுத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

4

வராந்தாவில் அவளை மறித்தான். "ஏன் சொல்லல?"

"உன் வேலை போயிடும்ல? அண்ணி முகத்துல நான் எப்படி முழிக்கிறது?"

"பாப்பாவுக்கு..."

"பாப்பாவைப் பத்தி மட்டும் நீ பேசாதண்ணா."

5

முதல் முடிவில் அவன் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனான். அப்படியே நம்பும்படி இருந்தது, அதனாலேயே அடித்துவிட்டேன். இரண்டாவதில் கம்பெனிக்குத் தண்டனை, கிணறுகளில் தெளிந்த தண்ணீர். எழுதும்போதே கை கூசியது.

மூன்றாவதில் அவன் திரும்பி உள்ளே போனான்.

"பொய் சொல்லிட்டேன் சார். மழையிலதான் தெளிச்சேன். எடுக்கச் சொன்னது இவரு."

மேனேஜர் சிரித்தார். "எம்மேல ஏதோ மனஸ்தாபம் சார் இவனுக்கு."

"நீங்க சொல்றதுக்குச் சாட்சி இருக்கா?" என்றார் அதிகாரி.

தங்கை கதவருகே வந்து நின்றிருந்தாள். அவளைக் காட்டினால் அவளும் பொய் சொன்னவளாகிவிடுவாள். காட்டாவிட்டால் கம்பெனி கைகழுவிக்கொள்ளும்.

இதற்குமேல் அவனுக்கு நான் சொல்லிக்கொடுக்க மாட்டேன். எனக்கு அந்த யோக்கியதை இல்லை. உங்களுக்கு இருந்தால் சொல்லுங்கள். ஆனால் அந்த அறைக்குள் வந்து, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.