வீட்டுக் கணக்கில் வராத பிள்ளை

வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள் என்று நர்ஸ் கேட்டபோது, நானும் அவரும்தான் என்றாள் அவள். பொய்யில்லை. ரேஷன் கார்டில் எண்ணினால் அந்த ஒற்றை அறைக்கு இரண்டே தலைதான். பகலில் எண்ணினால் மூன்று. நர்ஸ் தெருமுனையில் வருவதைப் பார்த்ததுமே அந்த மூன்றாவது தலையை அள்ளிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டில் படுக்கவைத்துவிட்டு வந்திருந்தாள்.

அது தையல்காரியின் குழந்தை. இன்னும் பல் முளைக்காத பொடிசு. தாய் காலையில் தையல் கம்பெனிக்குப் போகும்போது விட்டுவிட்டு, இருட்டியதும் வந்து தூக்கிப்போவாள். பிள்ளை பார்க்கிற கூலியில்தான் அவள் வீடு பாதி ஓடியது. மீதியை வாட்ச்மேன் புருஷனின் சம்பளம் இழுத்துக்கொண்டு போனது. அவன் விடிய விடிய விழித்துவிட்டு, பகலெல்லாம் இதே அறையில் தூங்குவான், இருமுவான், மறுபடி தூங்குவான். புகையால் வந்த இருமல் என்று சொல்லிச் சொல்லியே மாதங்கள் போயின. போன வாரம்தான் ஆஸ்பத்திரியில் காசநோய் என்றார்கள். தையல்காரியிடம் அவள் மூச்சுவிடவில்லை. தொட்டிலை மட்டும் வாசல் பக்கம் நகர்த்திக் கட்டினாள். பெரிய வைத்தியம்!

நர்ஸ் அவளிடம் இருமல், காய்ச்சல், பசி எல்லாம் விசாரித்து, மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் பரிசோதனைக்கு வரச் சொன்னாள். பையை மூடிக்கொண்டே, வீட்டில் சின்னப் பிள்ளை இல்லாதது நல்லதாய்ப் போயிற்று என்று குண்டைத் தூக்கிப் போட்டாள். பச்சைப் பிள்ளைகளுக்கு இந்த நோய் வந்தால் இருமல்கூட இல்லாமல் மூளை வரைக்கும் போய்விடுமாம். முன்னாடியே பார்த்து மருந்து கொடுத்தால் பெரும்பாலும் தடுத்துவிடலாமாம்.

பொடிசு இரண்டு நாளாகப் பாலைச் சரியாகக் குடிக்கவில்லை. பல் வரப்போகிறது என்று அவள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். சொன்னால் தையல்காரி சும்மா விடமாட்டாள். தெருவே காறித் துப்பும், இனி ஒருத்தி பிள்ளையை நம்பி விடமாட்டாள். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அவளால் நினைத்து முடிக்க முடியவில்லை. அதற்குள் கால் தெருவில் இறங்கிவிட்டது.

"சிஸ்டர், நில்லுங்க. பகல்ல ஒரு குழந்தை இங்க இருக்கு. எங்களோடது இல்ல."

நர்ஸ் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அதன் அம்மாவிடம் யார் சொல்வது என்று மட்டும் கேட்டாள். நானே சொல்கிறேன் என்றாள் அவள்.

பொடிசைப் பக்கத்து வீட்டிலிருந்து தூக்கி வந்தாள். இருட்டும்வரை அதை வெளியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தையல்காரி வந்ததும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்க்கா?"

"போன வாரம்."

தையல்காரி குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு போனாள். பால் பாட்டிலைக்கூட எடுக்கவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஒரு மாஸ்க்கைக் கொடுத்து பெஞ்சின் ஓரத்தில் உட்காரச் சொன்னார்கள். எதிரே தையல்காரி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். நோய் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க, பொடிசின் கையில் தோலுக்குள் மட்டும் இறங்கும்படி ஓர் ஊசி போடவேண்டும். அசைந்தால் மறுபடி குத்தவேண்டும். பொடிசோ வில்லாய் வளைந்து ஊரைக் கூட்டியது. தாய் பிடித்தும் அடங்கவில்லை, நர்ஸ் பிடித்தும் அடங்கவில்லை.

அவள் தன்னை அறியாமல் வீட்டில் செய்வதுபோல நாக்கைச் சொடுக்கினாள். குழந்தை சட்டென்று திரும்பிக் கைகளை நீட்டியது. அது யாரிடம் நீட்டுகிறது என்று தையல்காரியும் பார்த்தாள். பிறகு வந்து குழந்தையை அவள் மடியில் வைத்தாள்.

"புடிங்க. உங்ககிட்டதான் அடங்குவா," என்றாள், முகத்தைப் பார்க்காமல்.

ஊசி இறங்கியது. குட்டிக் கையில் சின்னக் கொப்புளம் எழுந்தது. அது வீங்குமா அமுங்குமா என்று பார்க்க நாளை மறுநாள் வரவேண்டும். பொடிசு விசும்பலை நிறுத்திவிட்டு, தெரிந்த முகத்தைத் தேடி மாஸ்க்கைப் பிடித்துக் கீழே இழுத்தது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.